கண்ணும் கத்தியும்

நமக்கு முந்திய தலைமுறையினர் அறுவை மருத்துவத்தை ‘இரண சிகிச்சை’ என்று வழங்கினர். இரணம் என்றால் புண். புண்ணுக்குச் செய்யும் சிகிச்சை என்பதே அத்தொடரின் பொருள் எனினும், கேட்டவர் காதில் அது புண்ணாக்கும் சிகிச்சை என்றே விழுந்திருக்கும் என்று தோன்றுகிறது. பின்னர் வந்த ‘அறுவை’ என்னும் நல்ல தமிழ்ச் சொல்லை, நீண்ட பேச்சால் பிறரை வதைப்போருக்குப் பட்டமாகக் கொடுத்துவிட்டோம். சங்கத்தின் ஆண்டு விழாக்களுக்குத் தவறாமல் வருவோர்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் புழங்குவதென்னவோ ‘ஆபரேஷன்’ தான். அச்சொல்லில் கத்தி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அது நிலைத்துவிட்டது போலும்.

கத்தியை மறைத்துப் பேசாதவர் குலசேகர ஆழ்வார். மருத்துவர் தம் உடம்பைக் கீறினாலும், சூடு போட்டாலும், அவரிடம் கொண்ட பற்றுக் குறையாத நோயாளி ஒருவரைப் பெருமாள் திருமொழியில் அவர் உவமையாக்கியிருக்கிறார். இறைவனிடம் கொண்ட அன்பைச் சொல்ல வந்த உவமை அது. ஆயினும் வலி தெரியாமல் செய்யும் மருந்தெல்லாம் வாராத காலத்தில், அறுபடும் வேதனையையும் அறுப்பவர் மேலுள்ள நம்பிக்கையையும் ஒரே உள்ளத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாரே என்று நான் பலமுறை வியந்ததுண்டு. அந்த நம்பிக்கை எளிதில் வாய்ப்பதன்று. எங்கள் வீட்டில் அது வாய்ப்பதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

என் தாயாருக்கு இப்போது வயது 72. தந்தையார் மறைந்தபின் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, தில்லியில் அரசுக் குடியிருப்பில் எங்களோடு இருந்து வருகிறார். இந்தி அவருக்கு வராது. காய்கறி வண்டிக்காரனிடம் விரலைக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டார். வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறும் முதியவர்களுக்குக் காது பாதி வேலையை நிறுத்திக்கொள்கிறது. அந்த வேலையையும் சேர்த்துக் கண்ணே செய்ய வேண்டியிருக்கிறது. சங்க நூலகத்திலிருந்து வாரந்தோறும் நான் கொண்டுவரும் இரண்டு நூல்களே அவருக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள். திண்ணைப் பேச்சும் அவைதாம். சில ஆண்டுகளுக்கு முன் அந்நூல்கள் படிக்கப்படாமலே திரும்பத் தொடங்கின. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் அமர்ந்திருப்பார். முறத்தில் அரிசியைப் பரப்பி, கல்லைக் கண்ணால் தேடாமல் விரலால் தடவித் தேடுவார். மருத்துவர் பார்த்துவிட்டு இரு கண்களிலும் புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார். அம்மா மறுத்துவிட்டார்.

வயதானவர்கள் அறியாமையால் அஞ்சுகிறார்கள் என்றனர் உறவினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதைக் கண்டு அஞ்சினாரோ, அதை அவர் நேரில் கண்டவர். அருகிலிருந்து பணிவிடை செய்தவர். 1986-ஆம் ஆண்டு கோடையில் என் பாட்டிக்கு, அதாவது அம்மாவின் மாமியாருக்கு, கண் அறுவை நடந்தது. “அத்தை பட்ட பாட்டை நான் பார்த்தேன் தம்பி. எனக்கு வேண்டாம்” என்பதே மூன்று ஆண்டுகளும் அவர் சொல்லிய ஒரே விடை. ஒரு தலைமுறை அஞ்சுவது தனக்கு நடக்கப்போகும் அறுவையைக் கண்டன்று, முந்திய தலைமுறைக்கு நடந்த அறுவையைக் கண்டே. பாட்டி பட்ட பாடு இன்னதென்று விளங்க வேண்டுமாயின், கண்ணுக்குக் கத்தி வந்த கதையைச் சிறிது சொல்லியாக வேண்டும். அலுவலகக் கோப்புகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் ஆர்வத்தால் தேடிப் படித்தவை இவை.

கண்புரைக்குக் கருவியெடுத்த முறையை விரிவாக எழுதிவைத்த பழைய நூல்களுள் முதலில் நிற்பது நம் நாட்டுச் சுசுருத சங்கிதை. அதன் உத்தர தந்திரத்தில் இம்முறை சொல்லப்பட்டிருக்கிறது. நோயாளியை அசையாமல் உட்காரவைத்து, யவதானியத்தின் முனை போன்ற கூருடைய சலாகையால் கண்ணின் வெண்மைப் பகுதியில் கடைக்கண் பக்கமாகக் குத்த வேண்டும். வலக்கண்ணை இடக்கையாலும் இடக்கண்ணை வலக்கையாலும் குத்த வேண்டும் என்பது விதி. இரு கையும் ஒன்றுபோல் பழகியிராதவர் கண்ணைத் தொடலாகாது என்பது அதன் உட்பொருள். கண்ணைத் தாய்ப்பாலால் நனைத்து, உள்ளே மறைத்து நிற்கும் புரையை விலக்கி, உருவங்கள் தெரியத் தொடங்கியதும் சலாகையை மெல்ல வெளியே எடுத்து, நெய் சேர்த்துத் துணியால் கட்டி, நோயாளியை மல்லாந்து படுக்கவைக்க வேண்டும். அதன்பின் அவர் தும்மலாகாது, இருமலாகாது, ஏப்பம் விடலாகாது, துப்பலாகாது, உடம்பை அசைக்கலாகாது. இந்தத் தடைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் அவை நமக்கு வேண்டியிருக்கும்.

அந்நூலில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது வேறொரு பகுதி. மாணவன் நோயாளியைத் தொடுவதற்கு முன் எவற்றின்மேல் கைப்பழக்கம் பெற வேண்டும் என்று சுசுருதர் ஒரு பட்டியலே தருகிறார். வெட்டிப் பழகப் பூசணி, சுரை, வெள்ளரி. நாளத்தைக் கீறிப் பழகத் தாமரைத் தண்டு. தையல் பழகத் துணியும் மெல்லிய தோலும். கட்டுப் போட்டுப் பழக ஆளுயரப் பொம்மை. கொல்லைப்புறத்துக் காய்கறியெல்லாம் பாடப்புத்தகம்! ஏட்டுப் படிப்பு மட்டும் உடையவரும் கைப்பழக்கம் மட்டும் உடையவரும் ஒற்றைச் சிறகுப் பறவை போன்றவர் என்றும் அவர் கூறுகிறார். இன்றும் கண் அறுவை பயிலும் இளம் மருத்துவர்கள் ஆட்டின் கண்ணிலும் செயற்கைக் கண்ணிலும் கை பழகிய பின்னரே மனிதக் கண்ணுக்கு வருகிறார்கள். பூசணிக்காய் மாறியிருக்கிறது, பாடம் மாறவில்லை.

ஆனால் அந்தப் பழைய முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. புரை என்பது கண்ணில் இறங்கி மறைக்கும் ஏதோவொரு நீர் அல்லது திரை என்றே உலகமெங்கும் எண்ணியிருந்தனர். ஆங்கிலேயர் வழங்கும் ‘கேட்டராக்ட்’ என்ற சொல்லும் அருவி என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. உண்மையில் அது திரையன்று. பாவைக்குப் பின்னே, நுங்கின் உள்ளீடு போலத் தெளிந்திருக்கும் விழிவில்லையே முதுமையில் மங்கிப் புரையாகிறது. 1705-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பியேர் பிரிசோ, இறந்த ஒருவரின் கண்ணைத் திறந்து பார்த்து இதைக் கண்டறிந்தார். அதற்கு முன்னரும் பின்னரும் நெடுங்காலம், சலாகையால் செய்ததெல்லாம் அந்த வில்லையைப் பெயர்த்துக் கண்ணின் உட்கூழுக்குள் தள்ளிவிட்டதுதான். வழியை மறித்த பாறை கிணற்றுக்குள் உருண்டது, கிணற்றைவிட்டுப் போகவில்லை.

இதனால் விளைந்த வேடிக்கையும் வேதனையும் சொல்லி மாளாது. வில்லை கீழே விழுந்த அக்கணமே வெளிச்சம் வந்துவிடும். வைத்தியர் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்பார்; நோயாளி மூன்று என்பார்; கூடியிருந்தவர் வியப்பர்; பணம் கைமாறும். கட்டுப் போட்டுவிட்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். கண் வீங்கிச் சிவந்து அழுத்தம் ஏறிப் பார்வை நிரந்தரமாகப் போகும்போது, கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார். இது நம் நாட்டுக்கே உரிய கொடுமையன்று. ஜெர்மனியின் இசைமேதை பாக், 1750-இல் ஜான் டெய்லர் என்ற ஊர்சுற்றும் ஆங்கில வைத்தியரிடம் இருமுறை கண்ணைக் குத்திக்கொண்டு, பார்வை பெறாமலே அவ்வாண்டு ஜூலையில் மறைந்தார். நம் ஊர்களில் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், இவ்வாறு குத்தப்பட்டுக் கெட்ட கண்களைத் தேடித் தொகுத்து ஆராய்ந்தார். 1917-இல் இலண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் இதைப் பற்றிச் சொற்பொழிவாற்றி, தனி நூலாகவும் எழுதினார்.

அந்தச் சென்னை மருத்துவமனையே 1819-இல் தொடங்கப்பட்டது. உலகிலேயே பழைமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. அதே காலத்தில் எங்கள் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மகால் என்ற மருத்துவச் சாலையை நடத்திவந்தார். கண்நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், நோயுற்ற கண்களைப் பார்த்துத் தீட்டிய படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அரசர் ஒருவர் குடிமக்களின் கண்களைப் பற்றிக் கோப்புத் திறந்து வைத்திருந்தார் என்பதில், எழுத்தர் வேலை பார்க்கும் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கத் துணிந்தவர் பிரான்சின் ழாக் தவியேல். 1747-இல், சலாகையால் தள்ள முடியாமற்போன ஒரு கண்ணில், கருவிழியின் ஓரத்தைக் கீறித் திறந்து வில்லையைப் பிதுக்கி எடுத்தார். தம் முறையை 1753-இல் வெளியிட்டார். கண்ணுக்குப் புள்ளியளவு துளை போதுமாயிருந்தது போய், கருவிழியின் பாதியைச் சுற்றி வாய் திறக்க வேண்டியதாயிற்று. வலி தெரியாமல் செய்ய அப்போது வழியில்லை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடிக்கும் வரையில், விழித்த கண்ணுக்கு நேரே கத்தி வருவதைப் பார்த்துக்கொண்டே நோயாளி அசையாதிருக்க வேண்டியிருந்தது. குலசேகரர் சொன்ன நோயாளியை அந்த நாற்காலியில் நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு.

அதன்பின் இக்கலை வேகமாக வளர்ந்தது. பஞ்சாபில் ஜலந்தரில் பணியாற்றிய ஹென்றி ஸ்மித், வில்லையை அதன் உறையோடு முழுதாகப் பிதுக்கி எடுப்பதில் பேர்பெற்றவர். பல்லாயிரக்கணக்கான கண்களுக்குச் செய்தார். அமெரிக்க மருத்துவர்கள் கடல் கடந்து வந்து அவர் கையைப் பார்த்துக் கற்றுச் சென்றனர். 1961-இல் போலந்து நாட்டின் கிரவாவிச், கடுங்குளிரூட்டிய முனையை வில்லையின்மேல் ஒட்டவைத்துப் பனிக்கட்டியோடு பனிக்கட்டியாய் இழுத்தெடுக்கும் முறையைக் கொணர்ந்தார். வில்லை சிதறாமல் வந்தது. ஆனால் வில்லை முழுதாய் வர, வாயும் பெரிதாய் இருந்தாக வேண்டும்.

பாட்டிக்குச் செய்ததும் இவ்வகை அறுவைதான். பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கோடை விடுமுறையில் கண்சிகிச்சை முகாம் போட்டிருந்தார்கள். எனக்கு வயது ஏழு. எட்டாம் வகுப்பு அறை அறுவைக்கூடமாகவும், ஒன்பதாம் வகுப்பு அறை பெண்கள் படுக்கும் இடமாகவும் மாறியிருந்தன. கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு அழியாமல் இருந்தது. அதன் கீழே வரிசையாகக் கிழவிகள், இரு கண்ணிலும் கட்டோடு, மல்லாந்து கிடந்தனர். பாட்டியின் தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். தலையைத் திருப்பக் கூடாது, இருமக் கூடாது, கடித்துத் தின்னக் கூடாது, முக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தும்மக் கூடாது. சுசுருதர் சொன்ன தடைகளை ஒன்று விடாமல், அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிராத முகாம் உதவியாளர் ஒருவர் பாட்டிக்குச் சொன்னார். எத்தனையோ நூற்றாண்டுகள் கடந்தும் அந்த விதிகள் மாறாதிருந்ததற்குக் காரணம் எளிது. கருவிழியின் மேற்பாதியைச் சுற்றி அரைவட்டமாகக் கீறிய வாய், மூன்று அரிசிமணிகளை நுனியோடு நுனி சேர்த்து வைத்த நீளம். அதை மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள். ஒரு பெருந்தும்மல் போதும். தையல் விட்டுக் கண்ணின் உள்ளிருப்பது வெளியே வந்துவிடும்.

பாட்டிக்கோ மூக்குப்பொடிப் பழக்கம். நாற்பது ஆண்டுப் பழக்கம். பொடி டப்பாவை உதவியாளர் முதல் நாளே கேட்டு வாங்கிவிட்டார். மடியில் இன்னொன்று வைத்திருந்தது அம்மாவுக்குத்தான் தெரியும். இரவில் கட்டுப் போட்ட முகத்தோடு பாட்டி கையை மடிக்குக் கொண்டுபோக, அம்மா அக்கையைப் பிடித்துக்கொண்டே ஐந்து இரவுகள் உட்கார்ந்திருந்தார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினார். படுக்கையிலேயே எல்லாம் செய்தார். அப்போது அம்மாவுக்கு வயது 32 அல்லது 33 இருக்கும். கண் அறுவை என்றால் அவர் கைக்குத் தெரிந்தது அந்த ஐந்து இரவுகள்தாம்.

அத்தோடு முடியவில்லை. வில்லையை எடுத்துவிட்டால் அதன் வேலையைச் செய்ய வேறொன்று வேண்டும். ஆறு வாரங்களுக்குப் பின் பாட்டிக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். தெருப் பிள்ளைகள் சோடாபுட்டிக் கண்ணாடி என்று கேலி செய்யும் அந்தக் கனத்த கண்ணாடி, பொருள்களைக் கால் பங்கு பெரிதாகக் காட்டும். பெரிதாகத் தெரிவது அருகில் இருப்பதாகவும் தெரியும். பாட்டி தம்ளருக்கு இப்பாலே மோரை ஊற்றுவார். வாசற்படியில் காலை வைத்துவிட்டோம் என்று நினைத்து வெறும் காற்றில் வைப்பார். கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம்போல எதுவும் தெரியாத இடம் உண்டு. அதனால் பக்கத்திலிருந்து வருபவர் இல்லாதிருந்து திடீரென்று முளைத்தாற்போலத் தோன்றுவர். நான் எதிரே ஓடி வந்தாலே பாட்டி துணுக்குறுவார். ஒருமுறை கண்ணாடி விழுந்து உடைந்து, மன்னார்குடியிலிருந்து புதிது வரும்வரை பதினைந்து நாள்கள் திண்ணைத் தூணைவிட்டு அவர் அசையவில்லை. முகாம் மருத்துவர்கள்மேல் குறை சொல்ல ஏதுமில்லை. ஒரு வகுப்பறையில், ஒரு காசும் வாங்காமல், அந்நாளில் செய்யக் கூடியதைச் செம்மையாகவே செய்தார்கள். பாட்டி பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கண்டுகொண்டுதான் கண்மூடினார். ஆனால் அருகிலிருந்து பார்த்த மருமகளின் மனத்தில் பதிந்தது மணல் மூட்டையும் மோர்த் தம்ளரும்.

பாட்டிக்கு அந்தக் கண்ணாடி தேவைப்படாமல் செய்திருக்கக் கூடிய கண்டுபிடிப்பு, அவருடைய அறுவைக்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிறிது வருத்தம் உண்டாகும். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய வானூர்தி ஓட்டிகள் சிலருக்கு, ஊர்தியின் மேல்மூடி குண்டுபட்டு உடைந்து, அதன் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தன. அந்த மூடி கண்ணாடியன்று. பெர்ஸ்பெக்ஸ் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக். அச்சில்லுகளைக் கண் வெளியே தள்ளவுமில்லை. அவற்றால் புண்படவுமில்லை என்று ஹரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். பின்னர் அவர் புரையெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். 1949 நவம்பர் 29-ஆம் நாள், இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே பெர்ஸ்பெக்ஸால் செய்த வில்லையை ரிட்லி ஒரு பெண்மணியின் கண்ணில் முதன்முதலாகப் பொருத்தினார்.

உடன் பணியாற்றியோர் மெச்சினர் என்று நினைப்பீர்கள். கண்ணிலிருந்து அந்நியப் பொருளை எடுப்பதே மருத்துவர் தொழில், இவரோ உள்ளே வைக்கிறார் என்று பெரியோர் பலர் வெகுண்டனர். பல ஆண்டுகள் அவரை ஒதுக்கியே வைத்திருந்தனர். முதல் வில்லைகள் கனமாக இருந்ததும், சில இடம்பெயர்ந்து தொல்லை கொடுத்ததும் உண்மைதான். ஆனால் குறை வில்லையின் செய்ந்நேர்த்தியில் இருந்ததேயன்றி எண்ணத்தில் இல்லை. ரிட்லி நெடுநாள் வாழ்ந்தார். முதுமையில் அவர் கண்களிலும் புரை வந்து, தாம் கண்ட செயற்கை வில்லையையே தம் இரு கண்களிலும் வைத்துக்கொண்டார். 2000-ஆம் ஆண்டில், 93-ஆம் வயதில், அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மறைந்தார்.

வில்லை கண்டுபிடிக்கப்பட்டாலும் ஏழை நாட்டுக் கிழவிக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. எட்டவைத்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-இல் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்து மருத்துவம் படித்து இராணுவத்தில் சேர்ந்தவரை, கடுமையான முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர், அது இயலாதென்று கண் மருத்துவம் படித்தார். கோணிய விரல்களுக்கேற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் தாமே தமக்குக் கற்பித்துக்கொண்டு, வாழ்நாளில் ஓரிலக்கத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று எங்கள் அலுவலகத்தில் நடக்கும் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும். அங்கே ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை முடியுமுன் அடுத்ததில் நோயாளி ஆயத்தமாக இருப்பார். 1992-இல் அந்நிறுவனத்தார் மதுரையிலேயே ஆரோலேப் என்ற ஆலையில் வில்லைகளைச் செய்யத் தொடங்கினர். இறக்குமதியானவற்றின் விலையில் ஒரு சிறு பங்குக்கே அவை கிடைத்தன. அவ்வாண்டுகளில்தான் நம் நாட்டில் சோடாபுட்டிக் கண்ணாடி மெல்ல மறையத் தொடங்கியது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அக்கேலிச் சொல் தெரியும், பொருள் தெரியாது.

இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, பற்காரையை அதிர்வால் உடைக்கும் கருவியைக் கண்டு, இதனால் விழிவில்லையையும் உடைக்கலாமே என்று எண்ணினார். 1967-இல் அம்முறையை வெளியிட்டார். நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை அதிரும் நுண்ணிய குழல் வில்லையைக் கரைத்து உறிஞ்சிவிடும். வில்லை முழுதாய் வர வேண்டியதில்லையாதலால் பெரிய வாயும் வேண்டியதில்லை. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் கீறல் போதும், அரை அரிசிமணி. புது வில்லையை வெற்றிலைபோலச் சுருட்டி அவ்வழியே நுழைத்தால், உள்ளே போய்த் தானே விரிந்துகொள்ளும். சாய்வாகப் போட்ட கீறலாதலால், கண்ணின் உள்ளழுத்தமே அதைக் கதவுபோல் சாத்திவிடுகிறது. தையல் இல்லை. தையல் இல்லையென்றால் மணல் மூட்டையும் இல்லை. எஞ்சியிருப்பது மருத்துவரின் கைத்திறம். வில்லையைத் தாங்கும் பின்னுறை ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்குக் கனமே உடையது. அதைக் கிழிக்காமல் அதன் மேலேயே இத்தனையும் நடைபெற வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் அம்மாவிடம் பகுதி பகுதியாகச் சொல்லிவந்தேன். ரிட்லி கதையைக் கேட்டபோது, “கண்ணப்பர் கண்ணை அப்பினாரே, அந்தக் கதையா?” என்று கேட்டு நகைத்தார். அவ்வளவுதான். மனம் இளகியது வேறொருவரால். எங்கள் கீழ்வீட்டில் கோட்டயத்துக்காரப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அறுவைக்கூடச் செவிலியாக முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவர் மலையாளமும் அம்மா தமிழுமாகப் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அம்மா அவரிடம் வரலாற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எத்தனை நாள் மல்லாந்து கிடக்க வேண்டும்? ஒரு நாளும் வேண்டாம் என்றார் அந்த அம்மையார். தும்மினால்? மெல்லத் தும்முங்கள் என்றார். அன்று மாலை அலுவலகத்திலிருந்து நான் திரும்பியதும், டாக்டரம்மாவைப் போய்ப் பார்க்கலாம் என்றார் அம்மா.

அறுவை செய்தவர் பஞ்சாபிப் பெண்மணி. சொட்டுமருந்தால் மட்டுமே கண்ணை மரக்கச் செய்வதால், நோயாளி சொன்னபடி நடந்தாக வேண்டும். உங்கள் தாயாருக்கு இந்தி தெரியாதே, எனக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார். ‘அசையாதீர்கள்’ என்பது அவர் நாவுக்கு வரவில்லை. ‘ஆடாதீங்க’ என்று எளிதாக்கினேன். ‘வெளிச்சத்தைப் பாருங்க’, ‘முடிஞ்சது’ என்பவை மற்ற இரண்டு. நோய்க் குறிப்புத்தாளின் ஓரத்தில் தேவநாகரியில் எழுதிக்கொண்டார். உள்ளே அழைத்துச் சென்று அரைமணி நேரம்கூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தபடி வெளியே வந்தார். கோலப்பொடியைத் தண்ணீரில் கரைத்தாற்போல இளஞ்சிவப்பும் நீலமுமாய்ச் சுழன்றது என்றார். நடுவே டாக்டரம்மா “வெளிச்சம் பாருங்கம்மா, வெளிச்சம் பாருங்கம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். தில்லிக்கு வந்து இத்தனை ஆண்டுகளில் இந்த ஊர்க்காரர் ஒருவர் தம்மிடம் தமிழில் பேசியது அன்றுதான் என்றார். பிறகு காப்பி கேட்டார். எழுந்து உட்கார்ந்து, தம் கையாலேயே வாங்கிக் குடித்தார்.

மறுநாள் கண்ணின் மறைப்பை எடுத்ததும், தாம் பச்சையென்று எண்ணி இரண்டாண்டுகளாக உடுத்திவந்த புடவை நீலம் என்று கண்டுகொண்டார். முதிர்ந்த புரை மஞ்சளாகி நீலத்தை விழுங்கிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். சமையலறைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிந்துவிட்டபடியால், என் மனைவிக்கு அவ்வாரம் சிறிது வேலை கூடியது. என்னை அருகே அழைத்துத் தலைமுடியைப் பார்த்துவிட்டு, “எப்போதடா இவ்வளவு நரைத்தது?” என்று கேட்டார்.

இப்போது ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியைப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வருவோர்க்கெல்லாம் விளக்குகிறார். மற்றக் கண்ணுக்கு மாசி மாதத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் தாங்குமாறு, நூலகத்திலிருந்து சற்றுத் தடித்த புத்தகமாகப் பார்த்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.